கடைசி வரிசையிலிருந்து: ஓட்டுநர் உரிமம் வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

ஓட்டுநர் உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும், அந்தத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கும், சாலை விதிகளை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

குழுவாகச் சைக்கிளில் போகும்போது கடைசியில் வருபவருக்கென்று ஒரு வேலை உண்டு. யாராவது பின்தங்கினால் அவரோடு சேர்ந்து மெதுவாக வருவது, பஞ்சர் ஆனவரைத் தனியே விட்டுவிடாமல் நிற்பது, பின்னால் வண்டி வந்தால் முன்னால் இருப்பவர்களுக்குக் குரல் கொடுப்பது. ‘ஸ்வீப்’ என்று சொல்வோம். எங்கள் குழுவில் பல ஆண்டுகளாக அந்த இடம் என்னுடையது. வார நாள்களில் கார் ஓட்டித்தான் வேலைக்குப் போகிறேன். இரண்டு இருக்கைகளிலும் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கடைசியில் வருபவருக்குக் கண்ணைவிடக் காதுதான் பெரிய துணை. பின்னால் நெருங்கும் என்ஜின் சத்தத்தைக் கேட்டே, வருபவர் என்ன செய்யப்போகிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் சத்தம் இறங்கும். நம்மைப் பார்த்துவிட்டார், யோசிக்கிறார் என்று பொருள். சத்தம் இறங்காமலே நெருங்கினால் வயிற்றில் ஒரு பிடிப்பு வரும். அப்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் இருப்பதுதான் மிகக் கடினம். இறுக்கினால் சைக்கிள் ஆடும். ஆடினால் பக்கத்தில் வருபவரையும் இழுத்துக்கொண்டு விழ வேண்டியதுதான்.

ஒருநாள் காலை அந்தச் சத்தம் இறங்கவேயில்லை. பத்துப் பேர், இரண்டு இரண்டாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் வளைவு. ஒரு கார் நீளமாக ஹாரன் அடித்தபடி எதிர்த்தடத்துக்கு ஏறி எங்களைக் கடக்கத் தொடங்கியது. பாதி கடந்தபோது வளைவிலிருந்து ஒரு வண்டி எதிரே வந்தது. காருக்குப் போக இடம் இல்லை. எங்கள் பக்கம் திரும்பியது. அதன் பக்கக் கண்ணாடி மூன்றாம் வரிசையில் இருந்த தோழியின் முழங்கையைத் தட்டியது. அவர் விழுந்தார், அவருக்குப் பின்னால் வந்த இருவர் அவர்மேல் விழுந்தார்கள். தோழிக்குக் காறை எலும்பு முறிந்தது. மற்ற இருவருக்கும் சிராய்ப்புகள்.

அந்த ஓட்டுநர் ஓடிப்போகவில்லை. காரை ஓரம் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். ஆம்புலன்ஸை அழைத்தவரும் அவர்தான். கை நடுங்கியதில் எண்ணை இரண்டு முறை தவறாக அழுத்தினார். பிறகு என்னிடம் கேட்டார்: “ஏங்க இப்படி ரெண்டு ரெண்டு பேரா போறீங்க? ஓரமா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போயிருந்தா இது நடந்திருக்குமா?” அதட்டலாகக் கேட்கவில்லை. அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் குரல்.

அப்போது நான் பதில் சொல்லவில்லை. சொல்லும் நேரமும் அது இல்லை. பல மாதங்கள் மனதில் கிடந்த அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் அவர் உங்கள் தேர்வில் தேறியவர். உங்கள் முத்திரை பதித்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர். வண்டியைப் பின்னுக்கு எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தத் தெரிகிறதா என்று அவரைச் சோதித்தீர்கள். முன்னால் பத்து சைக்கிள்கள் சேர்ந்து போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலில் சாலையின் அகலம். பல சாலைகளில் ஒரு தடம் 3 முதல் 3.5 மீட்டர் அகலம் இருக்கும். சைக்கிளில் போகிறவர் விளிம்பிலிருந்து அரை மீட்டராவது தள்ளி ஓட்டியாக வேண்டும். கண்ணாடித் துண்டு, ஜல்லி, சாக்கடை மூடியின் கம்பி இடுக்கு எல்லாம் அந்த அரை மீட்டரில்தான் கிடக்கின்றன. அவருடைய தோளும் ஹேண்டில்பாரும் அரை மீட்டருக்குச் சற்று மேலே இடம் பிடிக்கும். அவருக்கும் காருக்கும் நடுவே 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும். கார், பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து ஏறத்தாழ 2 மீட்டர். கூட்டிப் பாருங்கள், நாலரை மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு சைக்கிளைப் பாதுகாப்பாகக் கடக்கவே கார் அடுத்த தடத்துக்குள் ஒரு மீட்டருக்கு மேல் போயாக வேண்டும். அடுத்த தடத்தில் வண்டி வந்துகொண்டிருந்தால், சைக்கிள் ஒற்றையாகப் போனாலும் இணையாகப் போனாலும் கடக்க இடம் இல்லை. ஓரமாக ஒற்றை வரிசையில் போனால் தடம் மாறாமலே கடந்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த 1.5 மீட்டரை யாரும் அவர்களுக்குக் கணக்கில் சேர்த்துக் காட்டவில்லை.

அடுத்தது நீளம். இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஒரு சைக்கிள் ஏறத்தாழ 1.75 மீட்டர். 12 பேர் ஒற்றை வரிசையில், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு மீட்டர் விட்டுப் போனால் வரிசை 32 மீட்டர் நீளும். அதே 12 பேர் இரண்டு இரண்டாகப் போனால் 15.5 மீட்டர். சைக்கிள்கள் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகின்றன, கார் 60-இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடக்கத் தொடங்கும்போது 10 மீட்டர், கடந்து முடிந்து தடத்துக்குத் திரும்பும்போது 10 மீட்டர் என்று இடம் விட்டு, காரின் நீளத்தையும் சேர்த்துக்கொண்டால், ஒற்றை வரிசையைக் கடக்க ஆறு விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இணை வரிசையைக் கடக்க ஏறத்தாழ நான்கு விநாடி போதும். எதிரிலும் 60-இல் ஒரு வண்டி வரக்கூடும் என்பதால், முதல் வகையில் எதிர்த்தடம் ஏறத்தாழ 195 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும். இரண்டாம் வகையில் 140 மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்த நண்பர் எந்த வரிசையைக் கேட்டாரோ, அதுவே அவரை எதிர்த்தடத்தில் இன்னும் அதிக நேரம் நிறுத்தியிருக்கும்.

அன்று அந்த வளைவில் கண்ணுக்குத் தெரிந்த தூரம் நூறு மீட்டர்கூட இருக்காது.

குழு என்பது பக்கத்தில் பக்கத்தில் போகும் தனித்தனி சைக்கிள்கள் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கு அது ஒரே வண்டி. சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ.யில் போகும்போது உழைப்பின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவருக்குப் பின்னால் ஒட்டி வருபவருக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேலான உழைப்பு மிச்சமாகும். அதனால்தான் நெருங்கிப் போகிறோம். முன்னால் இழுப்பவர் களைத்ததும் விலகிப் பின்னுக்கு வருவார், அடுத்தவர் முன்னே போவார். பழகிய குழுவில் சக்கரங்களுக்கு நடுவே அரை மீட்டர்கூட இருக்காது. பின்னால் இருப்பவருக்குச் சாலையே தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். பள்ளத்தைக் காட்ட முன்னவர் கையைத் தாழ்த்துவார். அந்தச் சைகை வரிசை முழுக்க ஒவ்வொரு கையாக நகர்ந்து கடைசியில் என்னிடம் வந்து சேரும். ‘கார் பின்னால!’ என்று நான் கத்துவது அதேபோல் முன்னோக்கிப் போகும். இப்படி ஓடும் வரிசைக்குப் பக்கத்தில் வந்து திடீரென்று ஹாரன் அடித்தால் என்ன ஆகும்? ஒருவர் திடுக்கிட்டு பிரேக் பிடிப்பார். பின்னால் இருப்பவரின் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தில் உரசும். உரசிய மறுகணம் விழுவது பின்னால் இருப்பவர்தான். காருக்குள் இருப்பவர் ‘நான் வருகிறேன்’ என்று சொல்வதற்காகவே ஹாரன் அடித்திருக்கலாம். எங்கள் காதில் அது அப்படி விழுவதில்லை.

இதைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடுகள் உண்டு. ஜெர்மனியின் சாலை விதிப்படி 15-க்கு மேற்பட்ட சைக்கிள்காரர்கள் ஒரு மூடிய அணியாகச் சேர்ந்து போகலாம், அணிக்குள் இருவர் இருவராக இணைந்து ஓட்டலாம். அந்த அணி மற்றவர்களுக்கு ஒரே வண்டிதான். முதல் ஆள் பச்சை விளக்கில் கடந்துவிட்டால் அணி முழுவதும் கடக்கலாம். அதே விதி அணிக்கும் ஒரு கடமை வைக்கிறது: வரிசை மிக நீண்டால் மற்ற வண்டிகள் புகுந்து போக இடைவெளிகள் விட வேண்டும். ஸ்பெயினில், முன்னால் போகும் சைக்கிள் ரவுண்டானாவுக்குள் நுழைந்துவிட்டால் அதைத் தொடரும் குழு முழுவதற்கும் மற்றவர்கள் வழிவிட வேண்டும். ஒரே திசையில் ஒன்றுக்கு மேல் தடங்கள் இருக்கும் சாலையில் சைக்கிளைக் கடப்பவர் அடுத்த தடத்துக்கு முழுமையாக மாறியே கடக்க வேண்டும் என்பதை 2022-இல் அங்கே சட்டமாக்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் திருத்தப்பட்ட பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு, இருவர் இணையாக ஓட்டுவது சில வேளைகளில் கூடுதல் பாதுகாப்பு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பெரிய குழுக்களையும் சிறுவர்களோடு போகிறவர்களையும் அதில் குறிப்பிட்டே சொல்கிறது. பின்னால் வருபவர்களைக் கவனித்து, பாதுகாப்பு என்று தோன்றும் இடத்தில் ஒற்றை வரிசைக்கு மாறியோ நின்றோ வழிவிடும்படியும் கேட்கிறது. இந்த இரண்டையும் ஒரே விதியில் எழுதியவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

ஏனென்றால் எங்கள் பக்கத் தவறுகளை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நாற்பது பேர் ஒரே கூட்டமாகக் கிளம்பியிருக்கிறோம். அதைக் கடக்க எந்தக் காருக்கும் சாலை போதாது. பேச்சு சுவாரசியத்தில் மூன்று பேர், நான்கு பேர் என்று பக்கவாட்டில் பரவியிருக்கிறோம். முன்னால் போனவர்கள் மஞ்சளில் கடந்துவிட்டார்கள் என்பதற்காக, அப்படி ஓர் உரிமை எழுதப்படாத ஊரிலும், பின்னால் வந்தவர்கள் சிவப்பில் புகுந்திருக்கிறார்கள். நானும் புகுந்திருக்கிறேன். நடந்து போகிறவர்கள் பதறி ஒதுங்கியதைப் பார்த்தும் நிற்காமல் போயிருக்கிறோம். கார் எங்களை நெருக்கினால் எங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதே பயத்தைத்தான் நாங்கள் நடப்பவர்களுக்குக் கொடுத்தோம். யாரோ ஒரு ஓட்டுநர் பொறுமையாக ஒரு கிலோமீட்டர் பின்னாலேயே வந்து, இடம் கிடைத்ததும் அகலமாக விலகிக் கடந்து போனபோது, கையைத் தூக்கி ஒரு நன்றி சொல்லக்கூட எங்களில் பலருக்குத் தோன்றவில்லை. நாங்கள் அந்த ஒருவரை மறந்துவிடுவோம். நெருக்கிப் போன ஒருவரைப் பற்றி மட்டும் வீடு போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டிருப்போம்.

கார் ஓட்டும் இருக்கையில் இருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன்பு ஒரு மலைப்பாதையில், முன்பின் தெரியாத ஒரு சைக்கிள் குழுவின் பின்னால் மாட்டிக்கொண்டேன். எனக்கு எல்லாம் தெரியும். இவ்வளவு நேரம் எழுதிய கணக்கு முழுக்கத் தெரியும். ஆனாலும் மூன்றாவது நிமிடத்தில் என் தாடை இறுகியிருந்தது. ஸ்டியரிங்கில் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. ‘ஒதுங்கக் கூடாதா?’ என்று வாய்விட்டே சொன்னேன். என் பின்னால் நான்கு வண்டிகள், அவர்களின் பொறுமையின்மையும் என் முதுகில் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. பின்னால் இருப்பவருக்காகவே துணிந்து ஓவர்டேக் செய்யத் தோன்றும் அந்த நெருக்கடியை, கார் ஓட்டாத என் சைக்கிள் நண்பர்கள் பலர் அறிய மாட்டார்கள். கடைசியில் சாலை நேரானதும் குழு ஒற்றை வரிசைக்கு மாறியது. கடைசியில் வந்தவர் பின்னால் திரும்பிப் பார்த்து, போகலாம் என்று கை காட்டினார். ஐந்து வண்டிகளும் கடந்தோம். என் கோபம் அந்தக் கைச்சைகையோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டேன். 60-இல் போக வேண்டியவர் ஒரு நிமிடம் 25-இல் போனால், அந்த ஒரு நிமிடத்தில் 417 மீட்டர் போகிறார். அதே தூரத்தை 60-இல் போயிருந்தால் 25 விநாடி. ஆக இழப்பு 35 விநாடி. அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தால் அதைவிட அதிக நேரம் நிற்போம். சிக்னலைப் பார்த்து யாருக்கும் ரத்தம் கொதிப்பதில்லை. முன்னால் இருப்பது மனிதர்கள் என்பதால், அவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று தோன்றுவதால்தான் அந்த 35 விநாடி அவ்வளவு நீளமாக இருக்கிறது.

‘மனிதர்கள்’ என்று எழுதினேன். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2019-இல் ஆஸ்திரேலியாவில் 442 பேரிடம் நடத்திய ஆய்வில், சைக்கிள்காரர்கள் எந்த அளவுக்கு முழு மனிதர்கள் என்று ஒரு படவரிசையில் குறிக்கச் சொன்னார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் 55 விழுக்காட்டினர் முழு மனிதருக்குக் கீழேதான் குறித்தார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களிலேயே 30 விழுக்காட்டினர் அப்படிக் குறித்தார்கள். வேண்டுமென்றே காரைச் சைக்கிளுக்கு அருகே ஓட்டிச் சென்றதுண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள் 11 விழுக்காடு. இந்த எண்களைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் ஒட்டிய உடையும் போட்டுக்கொண்டு, முகம் தெரியாமல் முதுகை மட்டும் காட்டிப் போகிற எங்களில் ஒருவர் மாலையில் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருபவர், இன்னொருவர் இதய அறுவை முடிந்து மருத்துவர் சொன்னதால் சைக்கிள் ஏறியவர் என்பதெல்லாம் பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

அவர் கையில் இருப்பதன் கனமும் அவருக்குத் தெரிவதில்லை. 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ.யில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல், ஆளோடு சேர்த்து 85 கிலோ எடையுள்ள ஒரு சைக்கிள் 25-இல் போகும்போது இருப்பதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. சைக்கிள்காரர் தவறு செய்தால் பெரும்பாலும் அடிபடுவது அவரேதான். கார் ஓட்டுபவரின் தவறுக்கு அடிபடுவது வேறொருவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நடந்தோ சைக்கிளிலோ இரண்டு மூன்று சக்கர மோட்டார் வண்டிகளிலோ போனவர்கள், அதாவது சுற்றி இரும்புக் கூடு இல்லாதவர்கள். இரு பக்கத்துத் தவறுகளையும் நான் ஒரே மடலில் எழுதினாலும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

‘சாலை கார்களுக்குத்தானே போட்டது’ என்று சொல்பவர்களும் உண்டு. இன்றைய சைக்கிளின் உருவத்துக்கு முன்னோடியான ‘ரோவர்’ சைக்கிளை ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்தது 1885-இல். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886 ஜனவரியில். அந்த வண்டியின் மூன்று சக்கரங்களும் சைக்கிளில் இருப்பதுபோன்ற கம்பி ஆரச் சக்கரங்கள். 1888-இல் காப்புரிமை பெற்ற தன் காற்றடைத்த டயரை ஜான் டன்லப் உருவாக்கியது தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக. அமெரிக்காவில் 1880-இல் சைக்கிள்காரர்கள் சேர்ந்து தொடங்கிய ‘லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்’ சங்கம், கார்கள் பரவுவதற்கு முன்பே நல்ல சாலைகள் கேட்டு இயக்கம் நடத்தியது. இதைச் சொல்லி யாரிடமும் உரிமை கொண்டாட வரவில்லை. கூடப் பிறந்த இரண்டும் இப்படி முறைத்துக்கொண்டு நிற்கின்றனவே என்ற வருத்தத்தில்தான் சொல்கிறேன்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை.

எனக்கு முதன்மையானது தேர்வுதான். உரிமத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வேண்டும்: நீங்கள் 60-இல் போகிறீர்கள், முன்னால் பத்து சைக்கிள்கள் இரண்டு இரண்டாக 25-இல் போகின்றன, வளைவுக்கு முன் எதிர்த்தடம் நூறு மீட்டர் தெரிகிறது, கடப்பீர்களா, காத்திருப்பீர்களா, ஏன்? அந்த ‘ஏன்’ முக்கியம். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி முதல் அவசரத்தில் மறந்துபோகும். முடிந்தால் செயல்முறைத் தேர்விலும் ஒரு சைக்கிளைக் கடந்து காட்டச் சொல்லுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் உரிமம் வாங்கியவர்களைப் புதுப்பிக்க வரும்போது பிடிக்கலாம். நான் உரிமம் வாங்கிய பிறகு என்னிடம் ஒரு கேள்விகூட யாரும் கேட்டதில்லை.

இடைவெளியை எண்ணாக எழுதுங்கள். ‘போதிய இடைவெளி’ என்று எழுதினால், போனவருக்குப் போதியது, விழுந்தவருக்குப் போதாதது என்று வழக்காடிக்கொண்டிருப்போம். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். பிரான்சில் ஊருக்குள் 1, வெளியே 1.5. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 60 கி.மீ. வேக வரம்புவரை ஒரு மீட்டர், அதற்கு மேல் 1.5. எந்த எண் என்பதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எண் இருந்தால் கற்றுத்தர முடியும், அளக்கவும் முடியும்.

தண்டனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தில் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீசார் 2016-இல் ஒரு காரியம் செய்தார்கள். சீருடை இல்லாத போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் சாதாரணமாகப் போவார். அவரை நெருக்கிக் கடப்பவர்களைச் சற்றுத் தள்ளி நிறுத்துவார்கள். தரையில் விரித்த பாயில் சைக்கிளுக்கும் காருக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று வரைந்து காட்டிப் பேசுவார்கள். மிக ஆபத்தாக ஓட்டியவர்கள் மேல் வழக்கு, மற்றவர்களுக்கு அந்தப் பாயின் அருகே சில நிமிடப் பாடம். எங்களை இடித்த அந்த நண்பருக்கு யாராவது முன்பே அப்படி ஒரு பாயை விரித்துக் காட்டியிருந்தால் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

எங்களுக்கும் விதி எழுதுங்கள், தயங்க வேண்டாம். குழுவுக்கு ஓர் அளவு வையுங்கள். பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு. அதற்கு மேல் என்றால் பிரிந்து, நடுவே ஒரு கார் நிம்மதியாக வந்து அமரும் அளவுக்கு இடைவெளி விட்டுப் போகச் சொல்லுங்கள். இருவருக்கு மேல் இணையாகப் போகக் கூடாது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எப்போது ஒற்றை வரிசைக்கு மாற வேண்டும் என்பதையும், அந்த முடிவை எடுப்பது சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழு, பின்னால் ஹாரன் அடிப்பவர் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சிவப்பில் புகுந்தால் எங்களையும் பிடியுங்கள். எங்கள் குழுவில் இதையெல்லாம் விதி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டோம். நாற்பது பேர் கிளம்பிய காலம் போய்விட்டது. கடைசியில் வரும் நான் இப்போது வழிவிட்ட ஒவ்வொரு வண்டிக்கும் கை தூக்குகிறேன். சிலர் பதிலுக்கு விளக்கை மினுக்குகிறார்கள்.

சாலை போடுபவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நீண்ட மலைப்பாதைகளில் அங்கங்கே ஒதுங்கி நிற்க ஒரு அகலம் விடுங்கள். வழிவிட மனம் இருந்தும் இடம் இல்லாமல்தான் பல நேரம் தவிக்கிறோம்.

தோழியின் எலும்பு சேர்ந்துவிட்டது. ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். முன்பு நடு வரிசையில் வருபவர் இப்போது விளிம்போரம் மட்டுமே ஓட்டுகிறார், சாலைப் பக்கம் வர மாட்டேன் என்கிறார். பின்னால் கார் வந்தால் என் குரலுக்கு முன்பே அவர் தோள் மேலேறுவது எனக்குத் தெரிகிறது. அந்த ஓட்டுநர் இரண்டு முறை போன் செய்து அவர் நலம் விசாரித்தார். கார் எடுத்துக்கொண்டு அந்த வளைவுப் பக்கம் போகவே கை வரவில்லை என்றாராம்.

வரும் ஞாயிறு விடியும் முன் நாங்கள் பன்னிரண்டு பேர் கிளம்புகிறோம். கடைசி வரிசையில் வழக்கம்போல் நான் இருப்பேன். எனக்குப் பின்னால் வருகிறவர் உங்களிடம் உரிமம் வாங்கியவராக இருப்பார்.

இப்படிக்கு,
சைக்கிளும் காரும் ஓட்டும் ஒருவர்